போரா, கனாலா, குட்டையா: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோப்புக்கு ஒரு கணக்கு

மாசி பிறந்ததிலிருந்து எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) நாளுக்கு முக்கால் மணி நேரம்தான் ஓடுகிறது. மோட்டாரைப் போட்டால் முதலில் தெளிந்த தண்ணீர் வரும், அப்புறம் கலங்கல், அப்புறம் வெறும் காற்று. இருநூறு லிட்டர் பேரலைக் குழாயடியில் வைத்து அளந்து பார்த்தேன். ஒரு பேரல் நிறைய மூன்று நிமிடம் ஆனது. முக்கால் மணிக்குப் பதினைந்து பேரல், அதாவது 3,000 லிட்டர். எங்களுக்கு இருப்பது நாலு ஏக்கர் தென்னை, 280 மரம். பாதிக்கு மேல் கள்ளுக்கு விட்ட மரங்கள். மரம் காய்ந்தால் பாளை சிறுத்துவிடும், ஊறலும் குறையும், மரம் ஏறுகிறவர் வேறு தோப்பு பார்த்துப் போய்விடுவார். அதனால் இந்தக் கோடைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

வீட்டில் மூன்று பேச்சு ஓடுகிறது. கொழுந்தனாருக்குப் புது போர் போட வேண்டும். வீட்டுக்காரர், கனால் (ஆற்றுக் கால்வாய்) தண்ணீர் எப்படியும் வந்துவிடும், அதற்குள் காசைப் போட்டு முடக்க வேண்டாம் என்கிறார். எனக்குத் தோப்பின் கீழ்மூலையில் குட்டை வெட்ட ஆசை. மூன்றையும் கேட்டுவிட்டு மாமா ஒன்று சொன்னார்: "தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்காம, கொழாய எங்க போடறதுன்னு பேசிட்டு இருக்கீங்க." கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எங்களைப் போல் சித்தூர் தாலுகாவின் வடகரைப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கும் இது உதவலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொல்லும் சித்தூர் ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. கேரளம் என்றதும் எல்லோர் மனதிலும் மழைதான் வரும். மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இந்தக் கிழக்கு ஓரத்தில் அதில் பாதிகூட விழுவதில்லை. ஆனைமலை ஒரு பக்கம் மறைத்து நிற்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மேகம் எங்கள் தலைக்கு மேலேயே கிழக்கே ஓடிவிடும். மார்கழி, தையில் அதே கணவாய் வழியே கிழக்குக் காற்று வந்து மண்ணை உலர்த்தும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான். பேசுவது தமிழ், ஊர்ப் பெயர்களெல்லாம் பதி, பாறை, பள்ளம். பெயரைக் கேட்டாலே பூமி தெரியும்.

மாமா சின்ன வயதில் இந்த நிலத்தில் தென்னை கிடையாது. நிலக்கடலை, கம்பு, சோளம். கிணறு நாற்பத்தைந்து அடி, கமலை இறைத்தார்கள். தென்னை வந்த பிறகு கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளைத்த சைடு போர், அப்புறம் வெளியே 250 அடி, அப்புறம் 620 அடி. இப்போது கொழுந்தனார் சொல்வது ஆயிரம் அடி.

போரைப் பற்றித்தான் முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி அதுதான். அதன் நல்ல குணத்தை மறைக்கக் கூடாது. காசு இருந்தால் மூன்று நாளில் வேலை முடியும். இடம் அதிகம் வேண்டாம், ஒரு மரம்கூடப் போகாது. வால்வு நம் கையில். நள்ளிரவில் தண்ணீர் பாய்ச்ச நினைத்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் பூமிக்கு அடியில் இருப்பது கடும்பாறை. அதற்குள் ஏரி எதுவும் இல்லை. பாறை வெடிப்புகளில் தங்கிய தண்ணீர் மட்டுமே உண்டு. மேலே இருக்கும் மக்கிய பாறைப் பகுதிதான் மழையைக் குடித்து வைக்கிற தொட்டி. கீழே போகப் போக வெடிப்புகள் குறையும், ஊறவும் வெகுநாள் பிடிக்கும். ஆயிரம் அடியில் ஒரு வெடிப்பு கிடைத்துத் தண்ணீர் பீறிட்டால் அது பல காலமாகச் சேர்ந்த இருப்பு. இரண்டு கோடையில் அது தீர்ந்த தோப்புகளை எங்கள் ஓடைக்கரையிலேயே காட்ட முடியும். கிடைக்காமல் போனால் துளைக்கும் கூலியும் மேலே போட்ட கேசிங் பைப்பும் மண்ணுக்குப் போன காசு.

இன்னொன்று, சித்தூர் பிளாக் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட இடம் என்று அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் கேரள நிலத்தடி நீர்ச் சட்டப்படி, அப்படி அறிவித்த பகுதியில் அனுமதி இல்லாமல் புதுக் கிணறோ போரோ தோண்டக் கூடாது. ரிக் வண்டிக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துத் தருகிறேன் என்பார். அப்படிப் போட்ட போருக்கு நாளைக்கு மின் இணைப்பு, மானியம் என்று எதைக் கேட்டுப் போனாலும் வாசலில் நிற்க வேண்டிவரும். அப்புறம் ஃப்ளோரைடு. இந்தக் கிழக்குப் பஞ்சாயத்துகளில் ஆழ்போர்த் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டும் இடங்கள் உண்டு. மரத்துக்கு அது பெரிய கேடில்லை. ஆனால் தோப்பு போரிலிருந்துதான் வீட்டுக் குடத்துக்கும் தண்ணீர் பிடிக்கிறோம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழுவதைப் பார்த்த பிறகும் அதை மறந்து பேச முடியாது.

போர் என்றால் இங்கே பிளாச்சிமடையை நினைக்காமல் யாரும் பேச மாட்டார்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்தின் அந்த ஊரில் கோகோ கோலா ஆலை 2000இல் தொடங்கியது. ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கிணற்றைக் கெடுக்கிறது என்று 2002 ஏப்ரல் 22இல் மயிலம்மா போன்ற பெண்கள் ஆலை வாசலில் போராட உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010இல் உயர்நிலைக் குழு கணக்கிட்டது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவும் நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. அந்தப் பெண்கள் கேட்டது நியாயம், கழிவால் கெட்ட கிணறுகளுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதும் உண்மை.

அதே சமயம் ஒரு கணக்கு என்னை உறுத்துகிறது. ஆலை எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கலாம் என்ற வழக்கில் பேசப்பட்ட அளவு நாளுக்கு 5 லட்சம் லிட்டர். கோடையில் ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 65 லிட்டர் தர வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு எழுபது மரம் என்று வைத்தால், அந்த 5 லட்சம் லிட்டர் ஏறத்தாழ 110 ஏக்கர் தோப்பு குடிக்கும் தண்ணீர். நம் தாலுகாவில் தென்னை 110 ஏக்கரோடு நிற்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், அங்கேயும் கண்ணுக்கெட்டிய வரை தோப்பு. பாறை வெடிப்புக்கு மாநில எல்லை தெரியாது. ஆலை வாசலில் உட்கார்ந்த பெண்களின் பக்கம் நிற்கிற நான், எங்கள் ஓடைக்கரையில் பத்துப் பதினைந்து ஆயிரமடிப் போர்கள் வரிசையாக வருவதைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது கனால். வீட்டுக்காரரின் நம்பிக்கை காரணமில்லாதது அல்ல. ஆழியாறு தமிழ்நாட்டிலிருந்து இறங்கி மணக்கடவில் எல்லை தாண்டி, சித்தூர்ப்புழையாகப் போய்ப் பாரதப்புழையில் சேர்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று எழுதப்பட்டது. அதன்படி ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை மணக்கடவு அணையில் கேரளத்துக்கு 7.25 டிஎம்சி கிடைக்க வேண்டும். ஒரு டிஎம்சி ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். கேட்கப் பெரிய தொகை. மூலத்தரை ரெகுலேட்டரில் அது இடது கனால், வலது கனால் என்று பிரிகிறது. வலது கனாலைக் கோரையாற்றிலிருந்து வரட்டாறு வரை நீட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தாரின் நெடுநாள் கோரிக்கை. வந்துவிட்டால் பூமிக்கடியில் கை வைக்காமலே தோப்பு பிழைக்கும், வழியில் இருக்கும் ஏரிகளும் நிறையும். ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, சொட்டுக் குழாயில் சுண்ணாம்பு அடைப்பும் குறையும். தண்ணீரின் தரத்தை மட்டும் பார்த்தால் மூன்றிலும் கனால்தான் முதல்.

கேள்வி, வால்வு யார் கையில் என்பது. மேற்கே சித்தூர் நெல் வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியே இரண்டாம் போகம் வைக்கின்றன. தை, மாசியில் கதிர் விடும் நேரம் அவர்களுக்கும் தண்ணீர் முக்கியம். எங்களுக்குப் பங்குனி, சித்திரையில் வேண்டும். அப்போது அணையிலேயே தண்ணீர் அடியில் கிடக்கும். மேலே பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இருப்பதும் நம் சொந்தக்காரர்கள்தான், அவர்களுக்கும் அதே பஞ்சம். 2022இல் ஆழியாறு அணையிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது பொள்ளாச்சி விவசாயிகளும் எதிர்த்தார்கள், சித்தூர்க்காரர்களும் எதிர்த்தார்கள். ஒரே அணையின் மேல் எத்தனை வாய் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 21 அதிகாலை பரம்பிக்குளத்தில் ஒரு மதகு அறுந்துபோய், சேர்த்து வைத்த தண்ணீர் நாள்கணக்கில் சாலக்குடிப் பக்கம் ஓடியது. ஒரு சங்கிலி அறுந்ததற்கு இத்தனை தூரத்தில் இருக்கிற நாங்களும் கவலைப்பட்டோம். ஒப்பந்தத்தை முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

இதற்காகக் கனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராம சபையில் நானும் கை தூக்கிக் கேட்பேன். ஆனால் கனால் ஊர் சேர்ந்து வாங்க வேண்டிய பொருள். ஒரு தோப்பின் இந்த ஆண்டுக் கோடைக்கு அதைப் பதிலாக வைக்க முடியாது. வந்தாலும் முறை வைத்துத்தான் விடுவார்கள். முறை நாளில் பிடித்து வைக்க ஒரு பள்ளம் இல்லாதவருக்கு வந்த தண்ணீரும் ஓடிப்போகும். இந்த இடத்தில்தான் கனாலும் குட்டையும் ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்தேன். எருத்தேம்பதிப் பஞ்சாயத்தில் கரடிப்பாறையில் செய்த கூட்டுச் சொட்டுநீர்த் திட்டத்தின் யோசனையும் இதுதான்: தண்ணீரை வாய்க்காலில் பாய விடாமல், பல விவசாயிகளின் நிலத்துக்கு ஒன்றாகக் குழாய் போட்டுச் சொட்டாகக் கொடுப்பது.

சரி, குட்டைக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்தம் உண்டு என்பதால் எனக்கு எதிராகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் மண். நம் தாலுகாவின் கிழக்கில் கரிசலும் உண்டு, செம்மண்ணும் உண்டு. பல தோப்புகளில் இரண்டும் இருக்கும். கரிசலில் வெட்டிய குட்டை தண்ணீரைத் தேக்கும். செம்மண்ணில் வெட்டியது குடித்துவிடும். குடித்தால் தப்பில்லை, கிணற்றுக்குப் போகும். ஆனால் தேக்கத்துக்கு என்று நினைத்துச் செம்மண்ணில் வெட்டிவிட்டு, நிற்கவில்லையே என்று பிளாஸ்டிக் ஷீட்டுக்குச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தோப்பில் மேல்பக்கம் செம்மண், கீழ்மூலை கரிசல். பழைய கிணறு மேலே இருக்கிறது. அதனால் கீழே தேக்கக் குட்டை, மேலே கிணற்றை ஒட்டி ஊறல் குழி என்று பிரித்துக்கொண்டேன்.

கீழ்க்குட்டை மேலே இருபது மீட்டருக்கு இருபது, அடியில் பதினைந்துக்குப் பதினைந்து, ஆழம் இரண்டரை மீட்டர். சரிவு விட்டு வெட்டினால்தான் கரிசல் கரை சரியாது. கொள்ளளவு ஏறத்தாழ 7.7 லட்சம் லிட்டர். பத்து சென்ட் இடம் போகும், ஏழு மரத்தை எடுக்க வேண்டும் (கணக்குக்கு மட்டும் 280 என்றே வைத்துக்கொள்கிறேன்). அந்த ஏழு மரத்துக்காக அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நிறையுமா? ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை 4,000 லிட்டருக்குச் சற்று மேல். துலா மாதத்தில் (ஐப்பசி) மொத்தம் 100 மில்லிமீட்டர் நல்ல மழையாக விழுந்தால் நாலு ஏக்கரில் 16 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கு ஓடி வந்தாலே 4 லட்சம். ஐப்பசி, கார்த்திகை சுமாராக இருந்தாலும் இரண்டு முறை அப்படி வந்தால் குட்டை நிறைந்துவிடும்.

இனி இழப்பு. எங்கள் காற்றுக்கு நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், மார்கழி முதல் மாசி வரை தொண்ணூறு நாளில் 2 லட்சம் லிட்டருக்கு மேல் வானத்துக்குப் போய்விடும். அப்புறம் பங்குனியிலிருந்து வைகாசி வரை இன்னொரு 1.8 லட்சம். மீதி 3.7 லட்சம் லிட்டர் அளவில் நிற்கும். 280 மரத்துக்கும் நாளுக்கு 65 லிட்டர் என்றால் 18,200 லிட்டர் வேண்டும், குட்டை இருபது நாளில் வற்றிவிடும். இதைப் பார்த்ததும் கொழுந்தனார், "இதுக்கா பத்து சென்ட்டைத் தோண்டப் போறீங்க அண்ணி?" என்றார். ஒரு இரவு முழுக்க எனக்கும் பதில் இல்லை.

காலையில்தான் வேறு அளவு நினைவுக்கு வந்தது. அதே பரிந்துரையில் கடும் வறட்சிக்கு என்று தனியாக ஒரு அளவு உண்டு: கோடையில் மரத்துக்கு நாளுக்கு 22 லிட்டர். விளைச்சல் குறையும், மரம் சாகாது. அப்படியானால் 280 மரத்துக்கு 6,160 லிட்டர். இருக்கிற பழைய போர் 3,000 தருகிறது. பாக்கி 3,160. தொண்ணூறு நாளுக்கு 2.85 லட்சம் லிட்டர். குட்டையில் 3.7 லட்சம் இருக்கிறது. போதும், கொஞ்சம் மிச்சமும் உண்டு. போர் ஊறுகிற வேகத்தில் இரவில் அரை அரை மணியாக ஓட விட்டுக் குட்டையில் விழ வைத்தால் மோட்டாரும் காற்றை இழுத்துக் கெடாது.

ஆகக் குட்டை தனியாக நின்றால் தோற்கும், பழைய போர் தனியாக நின்றாலும் தோற்கும். இரண்டையும் சேர்த்து, நடுவே சொட்டுநீரை வைத்தால் மரமெல்லாம் கோடையைத் தாண்டும். அதே பணத்தில் ஆயிரமடிப் போர் போட்டால், தண்ணீர் கிடைக்கும் ஆண்டில் மரம் செழிக்கும், கிடைக்காத ஆண்டில் காசும் இல்லை, குட்டையும் இல்லை.

சொட்டுநீரைத் தனி வழியாக எடுத்துப் பேசுகிறவர்கள் உண்டு. கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) மானியம் கிடைக்கும், பாத்தி கட்டி விடுவதைவிடத் தண்ணீர் மிச்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மிச்சமான தண்ணீரை என்ன செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் உறவில் ஒருவர் சொட்டுநீர் போட்ட மறு வருடமே பக்கத்து ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டில் புதுக் கன்று நட்டார். போர் முன்பைவிடச் சீக்கிரம் வற்றியது. சேமித்ததை மண்ணுக்கு விட்டுவைத்தால்தான் சொட்டுநீர் சேமிப்பு. இன்னொன்று, நம் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு சொட்டுவானை அடைத்துக்கொண்டே இருக்கும், வருடத்துக்கு இரண்டு முறையாவது அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். காட்டுப் பன்றி குழாயைக் கடிக்கும். குட்டைத் தண்ணீரைக் கலந்தால் சுண்ணாம்பு கொஞ்சம் குறையும், அதற்குப் பதில் பாசி வரும். மணல் வடிகட்டி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க வட்டப் பாத்தியில் அடுக்கிப் புதைப்பது, ஓலையை எரிக்காமல் மரத்தடியில் மூடுவது. எங்கள் தோப்பில் மேல் இரண்டு வரிசையில் மட்டும் செய்திருந்தோம். இன்றைக்கும் அந்த வரிசையில் மண்ணைக் கிளறினால் விரலில் ஈரம் ஒட்டுகிறது. எந்த முடிவு எடுத்தாலும் இது கூடவே நடக்கட்டும்.

மேலே வெட்டும் ஊறல் குழியில் ஒரு எச்சரிக்கை. ஓடி வரும் மழைத் தண்ணீரை நேராகப் போர்க் குழாய்க்குள் இறக்கக் கூடாது. உரமும் மருந்தும் சேறும் அதோடு போகும், வெடிப்பும் அடைபடும். ஜல்லி, கருங்கல், மணல் அடுக்கிய குழி வழியாக மண்ணுக்குள் இறங்க விட வேண்டும், கிணறு தானாக ஊறும்.

தென்னையையே குறைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் இருக்கிறது. யாரும் அதை வாய் விட்டுச் சொல்வதில்லை. மேல் செம்மண் ஒரு ஏக்கரில் இருக்கும் மரங்கள் வயதானவை, காய்ப்பும் இல்லை. அவற்றை எடுத்துவிட்டு மானாவாரி நிலக்கடலை போட்டால் கோடைத் தேவை கால் பங்கு குறையும். மீதி 210 மரத்துக்கு நாளுக்கு 22 லிட்டருக்குப் பதில் முப்பது லிட்டர் வரை தரலாம். மாமாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தோப்பைப் பார்த்துவிட்டு, "அந்த ஏக்கர்ல கடலை நல்லா வந்த பூமிதான் கண்ணு" என்றார்.

ஊர் ஏரியைத் தூர்வாருவதும் இதோடு சேர வேண்டிய வேலை. தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்டம்) ஆட்களை வைத்து வாய்க்காலில் முளைத்த சீமைக்கருவேலத்தை எடுத்தாலே பாதித் தண்ணீர் உள்ளே வரும். அது பஞ்சாயத்தில் கேட்க வேண்டியது, ஓடைக்கரைத் தோப்புக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

கொழுந்தனார் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. குட்டை நிறைந்த பிறகு வரும் ஒரு கோடை பார்ப்போம், பங்குனி முடிந்ததும் தினம் குழாயடியில் பேரல் வைத்து அளப்போம், குட்டையில் அடிக்கோல் நட்டு வாரம் ஒருமுறை எழுதுவோம், கணக்கு பொய்த்தால் அதற்கடுத்த தைக்குள் முறைப்படி அனுமதி கேட்டுப் போர் போடலாம் என்று அவரிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். குட்டை அடுத்த துலா மழையில்தான் நிறையும் என்பதால் இந்தக் கோடையை மட்டையும் ஓலையும் அந்த 3,000 லிட்டரும் வைத்தே கடக்க வேண்டும், மேல் ஏக்கருக்கு இனித் தண்ணீர் இல்லை. ஜேசிபிக்காரரிடம் விஷு முடிந்த வாரத்துக்குச் சொல்லியாயிற்று. இடவப்பாதி தொடங்கும் முன் கரையில் வெட்டிவேர் நட்டுவிட வேண்டும். நேற்று அத்தை நாற்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.